பட்டா யார் பெயரில்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2019 அக்டோபரில் யாஹூ குழுமங்களை நடத்தியவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. இனிக் கோப்பு எதையும் ஏற்ற முடியாது. டிசம்பர் 14-க்குப் பிறகு பழைய மடல்கள், படங்கள், கோப்புகள் எல்லாம் அழிக்கப்படும். எதிர்ப்பு கிளம்பியதும் கெடு 2020 ஜனவரி 31 வரை தள்ளிப்போனது. கிடைத்த சலுகை அவ்வளவுதான். அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று குழுமச் சேவையே இழுத்து மூடப்பட்டது.

அழிந்த மடல்களில் தமிழ் மடல்களும் இருந்தன. மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் என்று 2000களின் தொடக்கத்தில் யாஹூவில் இயங்கிய தமிழ்க் குழுமங்கள் பல. தன் வெண்பாவில் தளை தட்டுகிறதா என்று கேட்டவரும், முதல் சிறுகதையை அனுப்பிவிட்டு மறுமொழிக்காகக் காத்திருந்தவரும், எழுத்துக் குறியாக்கம் திஸ்கியா யூனிகோடா என்று மாய்ந்து மாய்ந்து வாதிட்டவரும் அங்கே இருந்தார்கள். மரத்தடிக் குழுவினர் தேர்ந்த ஆக்கங்களைத் தனித் தளமொன்றில் சேர்த்துவைத்தார்கள். அந்த முன்யோசனை இல்லாத குழுமங்களின் பேச்சு, யாராவது ஓர் உறுப்பினரின் பழைய அஞ்சல் பெட்டியில் தங்கியிருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

தமிழர்கள் இணையத்தில் தங்கள் கூடுமிடங்களுக்கு வைத்த பெயர்களைக் கவனிக்க வேண்டும். திண்ணை, மரத்தடி, மன்றம், காபி கிளப். எல்லாமே ஊரில் ஆள் கூடிப் பேசும் இடங்கள். ஊர்த் திண்ணையில் எல்லோரும் உட்கார முடிந்ததில்லை. சாதி அங்கே காவலுக்கு நின்றது. முகம் தெரியாமல் எழுத்தை மட்டும் பார்த்துப் பழகிய இணையத் திண்ணை அந்த வகையில் ஊரைவிட ஒரு படி மேல். இன்னொரு வகையில் அது ஊரைவிடப் பலவீனமானது. ஊர் மரத்தடியைத் தனி ஆள் ஒருவர் விற்றுவிட்டுப் போக முடியாது. யாஹூ மரத்தடி நின்றதோ ஒரு நிறுவனத்தின் மனையில். பேச்சு தமிழருடையது, பட்டா வேறொருவர் பெயரில்.

அந்தப் பட்டா எத்தனை கை மாறியது என்பதே தனிக் கதை. மார்க் ஃபிளெட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1990களின் இறுதியில் ஒன்லிஸ்ட் என்ற மடற்குழுச் சேவையைத் தொடங்கினார். 1999-இல் அது ஈகுரூப்ஸோடு இணைந்தது. 2000-இல் யாஹூ அதை விலைக்கு வாங்கியது. 2017-இல் யாஹூவையே வெரைசன் என்ற தொலைபேசி நிறுவனம் வாங்கியது. இருபது ஆண்டுக் காலம் மடல் எழுதியவர்களிடம் இவற்றில் எந்தக் கைமாற்றத்தின்போதும் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. கேட்க வேண்டிய தேவையும் சட்டப்படி இல்லை. அதே ஃபிளெட்சர் 2014-இல் குரூப்ஸ்.ஐஓ என்ற புதிய சேவையைத் தொடங்கினார். யாஹூவிலிருந்து துரத்தப்பட்ட குழுமங்கள் பல அங்கேதான் போய்ச் சேர்ந்தன. அதுவும் நிறுவனம்தான். ஆனால் விளம்பரம் இல்லை, செலவுக்குக் கட்டணம் உண்டு, குழுமத்தின் மொத்த மடல்களையும் நடத்துபவர் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.

பெருநிறுவனங்களின் சமூக ஊடகங்களைவிட்டுச் சொந்த இணையக் குடியிருப்புகளுக்குத் திரும்ப வேண்டும் என்ற பேச்சு, 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியதிலிருந்து பலமாகக் கேட்கிறது. இந்தப் பேச்சில் பாதி பழைய நினைவின் ஏக்கம். ஏக்கத்தால் ஊர் அமையாது. எந்த இணையக் குடியிருப்பு பிழைத்தது, எது அழிந்தது என்று வரலாற்றைப் புரட்டினால், மென்பொருளின் தரமோ முதலாளியின் குணமோ விடை சொல்வதில்லை. முகவரியும் சாவியும் யாரிடம் இருந்தன, செலவை யார் சுமந்தார்கள் என்பதே விடை சொல்கிறது.

தமிழ் இணையம் சொந்தக் காலில்தான் தொடங்கியது. 1990களின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடலாடற்குழுவில், எழுத்துரு ஒத்துப்போகாத கணினிகளோடு மல்லுக்கட்டியபடியே பல நாட்டுத் தமிழர்கள் பேசினார்கள். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் ஒருங்கிணைக்க, ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வைத்தார்கள். அந்த நூல்கள் இன்றும் திட்டத்தின் சொந்தத் தளத்தில் இருக்கின்றன.

அடுத்து வலைப்பதிவுக் காலம். 2004-இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம் திரட்டி, எங்கெங்கோ சிதறிக் கிடந்த பதிவுகளை ஓரிடத்தில் பட்டியலிட்டது. வாரம் ஒருவர் நட்சத்திரப் பதிவர். காலையில் எழுந்ததும் தமிழ்மணத்தைத் திறந்து, யார் யாருக்குப் பின்னூட்டம் போட்டிருக்கிறார், எங்கே சண்டை, எங்கே சமாதானம் என்று பார்ப்பது பலருக்கு அன்றாடப் பழக்கமாக இருந்தது. திரட்டி இயங்கியது ஓடையால். ஒவ்வொரு வலைப்பதிவும் தன் புதிய இடுகையை வெளியே தெரிவிக்கும் அந்தச் சின்ன நுட்பத்தால். ஏரிக்கு வரத்துக்கால் எப்படியோ, திரட்டிக்கு ஓடை அப்படி. எழுதுபவர்கள் ஒவ்வொருவராக ஃபேஸ்புக்குக்குப் போனார்கள். ஃபேஸ்புக் இடுகைக்கு வெளியே போகும் ஓடை கிடையாது. உள்ளே போனது உள்ளேயே. ஓடைகளைப் படிக்கப் பெரும்பாலோர் பயன்படுத்திய கூகுள் ரீடரும் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. வரத்துக்கால் தூர்ந்தால் ஏரி வற்றுவதைத் தடுக்க முடியாது. தமிழ்ப் பதிவுலகம் வற்றியதற்குப் பதிவர்களின் சோம்பலைக் குறை சொல்வோர் உண்டு. அது நியாயமில்லாத குற்றச்சாட்டு.

பெரிய தளங்கள் ஒன்றுக்கும் உதவாதவை என்று சொல்வதும் நியாயம் ஆகாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது எந்தத் தெருவில் படகு வேண்டும், எந்த மண்டபத்தில் சோறு இருக்கிறது என்ற செய்தியைச் சுமந்தவை ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும்தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்காக மெரினாவுக்கு இளைஞர்களைக் கூட்டியதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஐந்நூறு பேர் கூடும் ஒரு கருத்துக்களத்தால் அது ஆகாது. அவசரத்துக்குச் சந்தை வேண்டும். ஆனால் அந்த வெள்ள நாட்களின் இடுகைகளை இன்று தேடி எடுக்க முயல்பவருக்கு, சந்தை எதையும் அடுக்கி வைப்பதில்லை என்பது புரியும்.

உழைப்பு ஒருவருடையது, உரிமை இன்னொருவருடையது என்ற நிலை முற்றினால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூன் காட்டியது. ரெடிட் தளத்தின் ஆயிரக்கணக்கான உட்குழுக்களை நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத மட்டுறுத்துநர்கள். குப்பையை அகற்றுவது, வசைபாடுவோரை வெளியேற்றுவது, புதியவருக்கு விதி சொல்வது எல்லாம் அவர்கள் வேலை. அதற்கு அவர்கள் பயன்படுத்திய வெளியார் செயலிகளுக்கு நிறுவனம் திடீரென்று பெருங்கட்டணம் விதித்தது. ஜூன் 12 முதல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உட்குழுக்கள் கதவடைத்தன. கதவைத் திறக்காவிட்டால் வேறு ஆள் போடப்படும் என்று நிறுவனம் சொன்னது. கதவுகள் திறந்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், அந்த மக்கள் எழுதியதையெல்லாம் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க கூகுளுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மார்ச் மாதம் ரெடிட் பங்குச் சந்தைக்கு வந்தது.

இதே போன்ற அவமதிப்பைச் சந்தித்து, கதவடைப்போடு நின்றுவிடாமல் வீடு கட்டிக்கொண்டு வெளியேறியவர்களும் உண்டு. இணைய வரலாற்றில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். விரித்துச் சொல்லத் தகுந்தது.

ரசிகர் புனைவு என்றொரு வகை இருக்கிறது. ஹாரி பாட்டரையோ ஷெர்லக் ஹோம்ஸையோ எடுத்துக்கொண்டு வாசகர்களே புதுக்கதை எழுதுவது. எழுதுவோரில் பெரும்பான்மை பெண்கள், பணம் வாங்குவதில்லை, இலக்கிய உலகம் அவர்களை மதித்ததும் இல்லை. 2000களில் அவர்கள் பெருமளவில் கூடியிருந்த இடம் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம். 2007 மே மாதம், வெளியார் குழுவொன்றின் புகாரைக் கேட்டு நிறுவனம் ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கான கணக்குகளை முடக்கியது. முடக்கப்பட்ட பெயர்களின்மேல் குறுக்குக்கோடு விழுந்தது. கதை எழுதியவர்கள் மட்டுமல்ல, வன்கொடுமையிலிருந்து மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருந்த குழுக்களும் அதில் சிக்கின. நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. பல கணக்குகள் திரும்பின. போன நம்பிக்கை திரும்பவில்லை. அதே காலத்தில் முதலீட்டாளர் பணத்தோடு ஃபேன்லிப் என்ற நிறுவனம், இவர்களின் கதைகளை வைத்து வணிகம் செய்யக் கடை விரித்திருந்தது.

அந்த மே மாதத்திலேயே நவோமி நோவிக் என்ற நாவலாசிரியர் ஒரு குறிப்பு எழுதினார். வர்ஜீனியா உல்ஃபின் புகழ்பெற்ற நூல் தலைப்பை ஒட்டி, நமக்கென்று ஒரு காப்பகம் வேண்டும் என்பது அதன் சாரம். இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று அந்த ஆண்டே உருவானது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் போதவில்லை. கதை எழுதியவர்களே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார்கள். சட்டம் படித்தவர்கள் பதிப்புரிமைச் சிக்கலைக் கவனித்தார்கள். நன்கொடை திரட்டி, வழங்கிக் கணினிகளை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வாங்கினார்கள். அதில்தான் அவர்களின் தெளிவு இருக்கிறது. பட்டாவின் அருமையை அடிபட்டுத் தெரிந்துகொண்டவர்கள். 2009 நவம்பர் 14 அன்று ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

இன்று அங்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆக்கங்கள் இருக்கின்றன. ஒரு விளம்பரம் கிடையாது. எதைப் படிக்க வேண்டும் என்று திணிக்கும் கணக்கீடு கிடையாது. ஒவ்வொரு எழுத்தாளரும் மனம்போல எழுதும் குறிச்சொற்களை ஒன்றோடொன்று பொருத்தி, தேடுபவருக்குக் கிடைக்கும்படி ஒழுங்குபடுத்துவதற்கென்றே தன்னார்வலர் படை ஒன்று இருக்கிறது. நடத்த ஆளின்றித் தள்ளாடும் பழைய சிறு காப்பகங்களை அப்படியே தத்தெடுத்துக் காக்க இன்னொரு குழு. 2019-இல் அறிவியல் புனைவு உலகின் ஹியூகோ விருது இந்தக் காப்பகத்துக்குக் கிடைத்தது. ஃபேன்லிப் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டிருந்தது.

பழைய குடியிருப்பை மீட்டுக்கொண்ட கதையும் உண்டு. 1985-இல் கலிபோர்னியாவின் சாசலிட்டோவில் ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியண்டும் தொடங்கிய வெல் என்ற உரையாடல் களம், தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிகள் பேசிய காலத்தது. உறுப்பினர்கள் சந்தா கட்டினார்கள். சொந்தப் பெயரில் பேசினார்கள். இணையச் சமூகம் என்ற எண்ணத்தையே ஹோவர்ட் ரைன்கோல்டு அங்கே பார்த்துத்தான் 1993-இல் நூலாக எழுதினார். 1999-இல் அது சலோன் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2012-இல் சலோன் அதைக் கைவிட முனைந்தபோது, நீண்டகால உறுப்பினர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து 4 லட்சம் டாலருக்குத் தங்கள் களத்தைத் தாங்களே வாங்கினார்கள். உறுப்பினர்கள் மூவாயிரம் பேருக்கும் குறைவு. ஃபேஸ்புக் நூறு கோடிப் பயனர்களை எட்டியதும் அதே ஆண்டில்தான்.

இந்தியாவிலும் ஒரு வெளியேற்றம் நடந்தது. 2019-இல், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. நாஜிக் கூட்டத்தில் எல்லோரும் கை நீட்டி வணங்க, ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஜெர்மானியப் பழைய புகைப்படத்தை முகப்புப் படமாக வைத்திருந்தது காரணமாயிற்று. ட்விட்டர் சாதிப் பாகுபாடு காட்டுகிறது என்ற குற்றச்சாட்டும் அந்த ஆண்டு நவம்பரில் வெடித்தது. இந்தியப் பயனர்கள் திரள் திரளாக மாஸ்டடானுக்குப் போனார்கள். ஒய்கன் ரோக்கோ என்ற ஜெர்மானிய இளைஞர் 2016-இல் வெளியிட்ட மென்பொருள் அது. ஒரே தளமாக இல்லாமல் ஆயிரக்கணக்கான சிறு தளங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நடத்துநர், தனி விதி. ஆனாலும் ஒரு நிறுவன மின்னஞ்சலிலிருந்து இன்னொன்றுக்கு மடல் போவதுபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பேசலாம். சில வாரங்களில் போனவர்களில் பலர் ட்விட்டருக்கே திரும்பிவிட்டார்கள். 2022-இலும் அதே கதை: மாஸ்டடானின் மாதப் பயனர் எண்ணிக்கை 25 லட்சத்தை எட்டி, பிறகு கணிசமாகச் சரிந்தது.

அவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. மக்கள் தளத்தைத் தேடிப் போவதில்லை, மனிதரைத் தேடிப் போகிறார்கள். நண்பர்கள் அங்கே இருந்தால் இவர்களும் அங்கே. தனித்தனியாகக் கிளம்பியவர்கள் தனித்தனியாகத் திரும்பினார்கள்; காப்பகம் கட்டிய பெண்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள், ஒரு வேலையைச் சுமந்துகொண்டு கிளம்பினார்கள். வேறுபாடு அங்கேதான்.

சொந்த வீடு என்றால் பாதுகாப்பு தானாக வந்துவிடுவதும் இல்லை. மாஸ்டடான் வலையில் க்வியர்.ஏஎஃப் என்று ஒரு தளம் இருந்தது. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தான் நாட்டின் இணையக் குறியீடு. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசின் கீழுள்ள அமைச்சகம் அந்த முகவரியை முடக்கியது. பால் புதுமையினர் கூடிய தளத்தின் முகவரி தாலிபானின் பட்டாவில் இருந்ததை, வீடு போன பிறகே உலகம் கவனித்தது. மாஸ்டடான்.லோல் என்ற தளத்தைத் தனியாளாக நடத்தியவர், வசவுகளைத் தாங்க முடியாமல் 2023-இல் மூடிவிட்டார். பன்னிரண்டாயிரம் பேர் வேறு இடம் தேடினார்கள். தனியொருவரின் தோளில் நிற்கும் குடியிருப்பு அவருடைய உடல்நலத்தையும் மனநிலையையும் நம்பியே நிற்கிறது. மாஸ்டடான் மென்பொருளின் உரிமையை இலாப நோக்கற்ற அமைப்புக்கு மாற்றப்போவதாக 2025 ஜனவரியில் ரோக்கோ தரப்பு அறிவித்ததற்கு இந்தப் பட்டறிவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

தமிழ்நாட்டு ஏரிகளைக் காத்தது குடிமராமத்து. ஏரிப் பாசனத்தால் பயன்பெறும் குடிகள் ஆளுக்கு இத்தனை நாள் என்று கரை கட்டினார்கள், தூர் வாரினார்கள், மடையைச் செப்பனிட்டார்கள். இணையக் குடியிருப்புக்கும் இதே முறை பொருந்தும். மட்டுறுத்தல் ஒருவரின் தியாகமாக இருக்கக் கூடாது, முறை வைத்துச் செய்யும் வேலையாக இருக்க வேண்டும். செலவு பெரிதல்ல. ஒரு முகவரியை ஆண்டு முழுவதும் வைத்திருக்க ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். கருத்துக்களம் நடத்த பிஎச்பிபிபி, டிஸ்கோர்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பணமின்றி மூடிய தமிழ்த் தளங்களைவிட, முகவரியைப் புதுப்பிக்க வேண்டிய நாளை நினைவு வைத்திருந்தவர் போய்விட்டதால் மூடியவையே மிகுதி என்பது இந்த உரையாளரின் கணிப்பு.

குடிமராமத்து நடக்கும் தமிழ் இடங்கள் இல்லாமல் இல்லை. 1990களின் இறுதியில் புலம்பெயர்ந்தோர் முயற்சியில் பிறந்த யாழ் இணையத்தின் கருத்துக்களத்தில் போர்க்காலம் கடந்தும் பேச்சு தொடர்கிறது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்திலிருந்து, 2005-இல் நூலகம் என்ற எண்ணிமக் காப்பகம் எழுந்தது. தனியார் ஒருவர் பெயரில் இல்லாமல் நிறுவனமாகப் பதிவுசெய்து அதை நடத்துகிறார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். அவற்றில் யார் எந்தக் காற்புள்ளியை மாற்றினார் என்பது வரை வரலாறு இருக்கிறது. அதன் உள்ளடக்கத்தை எவரும் முழுதாகப் படியெடுத்துக்கொள்ளலாம். பயனர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் ஆலமரத்தடி.

இந்த அவையில் இருப்பவர்களில் பலர் ஏதோவொரு குழுவை நடத்துபவர்கள். ஊர் வரலாறு தொகுக்கும் ஃபேஸ்புக் குழு, கல்வெட்டுப் படிக்கும் வாட்ஸப் குழு, மரபு விதைக் குழு, பள்ளிப் பழைய மாணவர் குழு. அவற்றை இன்றே கலைத்துவிட்டு வாருங்கள் என்று கேட்பது பொருந்தாது. மக்கள் இருக்கும் இடத்தில் குழு இருக்கட்டும். அதற்குச் சொந்த முகவரி ஒன்றைக் குழுவின் பெயரிலேயே வாங்குங்கள். கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேரிடம், இயன்றால் இரண்டு ஊர்களில், இருக்கட்டும். காக்கத் தகுந்த பேச்சையும் படத்தையும் மாதம் ஒருமுறை அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள். அதைச் செய்ய முறை வைத்து ஆள் போடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு படி இருக்கட்டும். நிறுவனத்தின் அறிவிப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். 2019-இல் யாஹூ கொடுத்த முதல் கெடு இரண்டு மாதம்கூட இல்லை.